தாண்டிப் போன அருவி

எழுதிப் பழகாத கை இது. கண்ட காட்சி ஒன்றைச் சொல்லத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

மழைக்காட்டின் பச்சை வெளிச்சத்தில் வழிகாட்டி முன்னால் நடக்கிறார். கூட்டம் சேர்ந்துவிடுமே என்று இப்பாதையில் அவர் ஓர் அடையாளமும் வைத்ததில்லை. பதினெட்டு ஆண்டுகளாக அருவியின் இரைச்சலைக் கேட்டே வழி பிடிப்பவர். இலை நுனிகளில் நீர் சொட்டுகிறது. கயிற்றுச் சுருளுடன் பின்னால் வரும் தங்கை சட்டென நிற்கிறாள். வலப்புறப் பாறைக்கு அப்பால் தண்ணீர் இடியாய் விழுகிறது. அவரோ நேராகப் போய்க்கொண்டிருக்கிறார்.

"அண்ணா! கண்டுக்காம போறீங்களே, அருவி கோவிச்சுக்கப் போகுது!"

அவர் திரும்பவில்லை. அவள் ஓடிப்போய்த் தோளைத் தொடுகிறாள். திடுக்கிட்டவர், அவளுடைய உதடுகளையே உற்றுப் பார்க்கிறார்.

"என்னம்மா சொன்ன?"

அவளுடைய சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. "எத்தனை நாளாண்ணா இப்படி?" என்று மெதுவாக வாயசைத்துக் கேட்கிறாள்.

"போன மழையிலிருந்தே. யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. நாளைக்கு ஆறு பேர் வர்றாங்க."

"அவங்களைத் தொலைச்சிட்டு வந்து நிப்பீங்களா?"

அவர் தன் கழுத்திலிருந்த ஊதலைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிடுகிறார்.

போனவை இவ்வளவே: பதினெட்டு ஆண்டு வேலை, ஓர் அருவியின் இரைச்சல், தங்கையின் குரல்.