பூட்டாமல் அனுப்புங்கள்

மாப்பிள்ளைக்கு அன்று ஆலோசகர் வேஷம். கழுத்தில் டை, கையில் லேப்டாப், முகத்தில் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற பாவனை.

வந்திருந்தது மாமனாரின் பொம்மைக் கம்பெனிக்குப் பரம விரோதியான இன்னொரு பொம்மைக் கம்பெனிக்கு. அவர்களின் புது டிசைன்களைக் கொண்டுவந்தால் மேனேஜர் பதவி இவனுக்கு, தவறினால் சகலைக்கு என்று மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். சகலைக்குக் கீழே வேலை பார்ப்பதைவிடச் சாமியாராகப் போய்விடலாம் என்று இவனுக்குத் தோன்றியது. பதவிக்கு ஒத்திகையாக, மாமனார் இல்லாதபோது அவர் நாற்காலியில் சாய்ந்து, மேஜைமேல் காலைப் போட்டு ஒரு செல்பிகூட எடுத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்திருந்தான்.

"எங்க சர்வரோட பேக்கப்பை தினமும் கிளை ஆபீஸுக்கு அனுப்பணும். எது நல்ல வழி?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"மூணு வழி இருக்கு மேடம். டிஸ்க்ல போட்டு கார்ல கொடுத்தனுப்பலாம், டிரைவர் எங்கயாவது மறந்து வச்சுட்டா போச்சு. நெட்வொர்க்ல பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி அனுப்பலாம், ஆமை மாதிரி போகும். பூட்டாம அப்படியே அனுப்பினா, பறக்கும்."

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி கேட்டாள். "வழியில யாராவது எட்டிப் பாத்துட்டா?"

"யாரும்மா வேலை மெனக்கெட்டு எட்டிப் பாக்கப் போறாங்க?"

"அதுவும் சரிதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனி அப்படித்தான் சார் அனுப்புது. இன்னிக்கே அனுப்பிடறேன்."

இவ்வளவு சுலபமாக மசிவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. வேகத்தை அளக்கும் கருவி என்று சொல்லி, வழியில் போவதையெல்லாம் நகலெடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றை அவர்கள் லைனில் சொருகினான். சாயங்காலம் அதைக் கழற்றிக்கொண்டு, சீட்டியடித்தபடி மாமனாரின் ஆபீஸுக்குப் போனான்.

மாமனார் அறையில் பெரிய திரை தயாராக இருந்தது. சகலையையும் கூப்பிட்டு உட்கார வைத்தான். அவன் வயிறு எரிவதைப் பார்க்காவிட்டால் ஜெயித்து என்ன பிரயோஜனம்?

"பாருங்க மாமா" என்று கண்ணில் பட்ட முதல் படத்தைத் திறந்தான்.

மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது என் நாற்காலி மாதிரி இருக்கே?"

"மேஜைமேல இருக்கிற காலும் நம்ம வீட்டுக் கால்தான் மாமா" என்றான் சகலை.

மாப்பிள்ளை அவசரமாக அடுத்ததைத் திறந்தான், அதற்கடுத்ததையும் திறந்தான். மாமனார் கம்பெனி இன்னும் கடைக்கே அனுப்பாத கரடிப் பொம்மை, இவர்கள் சம்பளப் பட்டியல், எல்லாமே இவர்களுடையது. போன வாரம் இவர்களின் சொந்தக் கிளைக்குப் போன பேக்கப், அச்சு அசலாக.

"நம்ம பேக்கப் அவங்க கைக்கு எப்படிப் போச்சு?" மாமனாரின் குரல் மிகவும் அமைதியாக இருந்தது. "அதை அனுப்புறது யார் பொறுப்பு?"

சகலை மாப்பிள்ளையை நோக்கி விரலை நீட்டினான்.

ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிற ரகமல்ல மாப்பிள்ளை. சொந்த ஆபீஸிலும் அவன் பேக்கப்பைப் பூட்டி அனுப்பியதே இல்லை.