குருமாவில் கசகசா

"ம்மா! காலையில குருமாவுல கசகசா போட்டீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க!"

கராத்தே பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே சமையலறை வாசலில் வந்து நின்றாள் நிரஞ்சனி. அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

காலைக் குருமாவைச் சூடாக்கிக்கொண்டிருந்த அம்மா சீதாலெட்சுமி, கரண்டியும் கையுமாகத் திரும்பினாள். "என்னடி ஆச்சு? செலக்‌ஷன்ல தோத்துட்டியா?"

"ஜெயிச்சுட்டேன்! மூணு ஃபைட்டும் ஜெயிச்சுட்டேன். சீ கேம்ஸ் டீம்ல பேரும் வந்துருச்சு. அதாம்மா இப்ப பிரச்சினையே!"

அடுத்த வருஷம் சொந்த நாட்டிலேயே அந்தத் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி. ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் விளம்பரம் தொங்குகிறது. சொந்த மண்ணில், சொந்த ஜனங்கள் கைதட்ட இறங்கவேண்டும் என்பதற்காகத்தான் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு அவள் இவ்வளவு நாள் அலைந்தாள்.

"ஜெயிச்சதும் ஒரு அக்கா வந்து கையோட கூட்டிட்டுப் போயி யூரின் எடுத்துட்டாங்க. டோப் டெஸ்ட், ஊக்கமருந்து சோதனை. சீல் வச்சு லேப்புக்கு அனுப்பியாச்சு. வேன்ல வரும்போது கோச் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, கசகசா சாப்பிட்டாக்கூட அபின் சாப்பிட்ட மாதிரி காட்டுமாம்! காலையில நான் எத்தன இடியாப்பம் சாப்பிட்டேன்? ஆறு! குருமாவ ஊத்தி ஊத்தி அடிச்சேன்!"

சீதாலெட்சுமி வாயைத் திறந்தாள். அதற்குள் சாப்பாட்டு மேசையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"கசகசா போடாம ஒரு குருமாவா?"

அப்பா கமலநாதன். வாடகைக்கார் ஓட்டுகிறவர். போட்டிக்கு வரும் தாய்லாந்துக்காரர்களை அவர்கள் பாஷையிலேயே வரவேற்கவேண்டும் என்று போனில் 'ஸவாதிகாப்' சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் மிச்சக் குருமாவில் தோய்த்த ரொட்டி.

"இந்த அடுக்குமாடி புளோக்குலயே உங்கம்மா குருமாவுக்கு ஏன் இவ்ளோ பேரு? கசகசா! அதுவும் லிட்டில் இந்தியாவுல நானே மோந்து பார்த்து வாங்கறது. போன வாரம்கூட ஒரு பாக்கெட் கொண்டாந்து குடுத்தேனே."

நிரஞ்சனி அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "செத்தேன் லா."

"என்னங்க, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் சீதா. உன்மேல என்ன தப்பு? வாங்கிக் குடுத்தவன் நானு."

"ஒண்ணும் ஆகாதுடி. எந்திரி, வந்து சூடா காப்பி குடி."

"உங்களுக்கு என்னம்மா தெரியும்? மாட்டினா வருஷக்கணக்குல தடை போடுவாங்க. பேப்பர்ல மூஞ்சி வரும். ஸ்கூல்ல எல்லாரும் என்னை கஞ்சா கேஸுன்னு கூப்பிடுவாங்க!"

"கசகசா கேஸு," என்று திருத்தினார் கமலநாதன். மகள் முறைத்த முறைப்பில் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

அம்மா மகளைப் பார்த்து ஏதோ கண்ஜாடை காட்டினாள். நிரஞ்சனிக்கு ஆத்திரம்தான் பொங்கியது. ஊருக்குத் தெரியாமல் மூடி மறைக்கப் பார்க்கிறாளா? பெற்ற மகளின் வாழ்க்கையே போகிறது, காப்பி குடியாம் காப்பி!

கமலநாதன் கையைக் கழுவிவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது. மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் தலையைத் தடவினார்.

"அழாத பாப்பா. உனக்கு என்ன தெரியும்? தப்பெல்லாம் என் நாக்கு மேல. கோச்சுகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிடறேன். எந்த ஆபீசுக்கு வரச் சொன்னாலும் வர்றேன். எங்க வீட்டுல கசகசா போட்டுத்தான் சமைப்போம், புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கையெழுத்தே போட்டுத் தரேன்."

"வேணாங்க," என்றாள் சீதாலெட்சுமி.

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம். விடுங்களேன்."

அவள் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அடுப்புச் சூட்டில் வந்த வேர்வை மாதிரி தெரியவில்லை.

கமலநாதன் கேட்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது.

"ஹலோ, அண்ணே! வாழ்த்துக்கள் லா! பாப்பா இன்னிக்குக் கலக்கிட்டா!" கோச் குகனின் உற்சாகக் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சு. எங்க வீட்டுக் குருமாவுல..."

ஒரே பாய்ச்சலில் வந்து போனைப் பிடுங்கினாள் சீதாலெட்சுமி. "ஒண்ணுமில்லே தம்பி! ஞாயித்துக்கிழமை குருமா சாப்பிட வாங்கன்னு கூப்பிடத்தான். வச்சுடறேன்!"

வைத்தாள். மூச்சு வாங்கினாள். கணவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"குருமாவுல கசகசா இல்லே. இன்னிக்கு மட்டும் இல்லே, என்னிக்குமே இல்லே. கல்யாணமான புதுசுல மொதமொதலா குருமா வைக்கறப்பவே மறந்துபோயி வெறும் முந்திரிய அரைச்சு ஊத்திட்டேன். அன்னிக்குத்தான் நீங்க, 'இதுதான்டி கசகசா குருமா'ன்னு தட்ட வழிச்சுச் சாப்பிட்டீங்க. அந்த மூஞ்சியப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லவே முடியலே. நீங்க வாங்கியாற பாக்கெட்டெல்லாம் மேல்மாடி ஜெயமாலா வீட்டுக்குத்தான் போவுது."

நிரஞ்சனி துள்ளி எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கரண்டிக் குருமா அவள் வெள்ளைக் கராத்தே உடுப்பெல்லாம் வழிந்தது.

கமலநாதன் மட்டும் தரையை விட்டு எழவில்லை. மேசையில் இருந்த ரொட்டித் தட்டை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மனைவியை விட்டுவிட்டு மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, அப்போ இத்தன வருஷமா ஞாயித்துக்கிழமையானா குருமா சாப்பிட்டதும் எனக்குக் கண்ணு சொக்கித் தூக்கம் வந்துச்சே, அது எப்படி வந்துச்சு?"