மணிக்குப் பத்து முறை

“மெதுவா இடது பக்கம் திரும்புங்க” என்றாள் பிசியோதெரபிஸ்ட்.

அவர் ஒரு விரல்கடை திரும்பினார். அத்தோடு நின்றுவிட்டார்.

“வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்லம்மா. அந்தப் பக்கம் திரும்பிப் பழக்கமில்ல.”

அவள் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் ஒன்று பிதுங்கி, வலது கைக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயிருந்தன. செல்போன் ரிப்பேர் செய்கிறவருக்கு அந்த இரண்டும் போய்விட்டால், மீதி எட்டு விரலை வைத்துக்கொண்டு சாமி கும்பிடத்தான் முடியும்.

நாள் முழுக்கக் குனிந்தே வேலை பார்த்தால் டிஸ்க் பிதுங்கும், சரி. கழுத்து ஏன் வலது பக்கமே இப்படி இறுகிக் கிடக்கிறது என்று கேட்டாள்.

“இடது பக்கம் என் தம்பி உக்காந்திருக்கான்” என்றார்.

கடையின் பலகையில் ‘சகோதரர்கள் செல்போன் சர்வீஸ்’ என்று, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படத்தோடு எழுதியிருக்கும். அந்தப் பலகைக்குக் கீழே, ஒரே மேசையில், ஒரு முழ இடைவெளியில் உட்கார்ந்துகொண்டு ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. யாரோ ஒருவருடைய போன் கருகிப்போனபோது, சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை அணைக்காமல் வைத்தது யார் என்று ஆரம்பித்த வழக்கு அது. தீர்ப்பு இன்னும் வந்தபாடில்லை.

அண்ணன் கொள்கையில் கறார். தம்பி முகத்தில் விழிக்கக் கூடாது என்று உடம்பை மேசைக்கும் முகத்தை வலது பக்கச் சுவருக்கும் கொடுத்து உட்கார்ந்திருந்தார். கடவுள் கழுத்தை இரண்டு பக்கமும் திரும்புகிற மாதிரிதான் படைத்திருக்கிறார். ஒரு பக்கம் வீண் செலவு என்று இவர் அதை மூடிவிட்டார்.

ஆனால் கடை ராசியான கடை. அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கடுகளவு திருகு ஒன்று கையிலிருந்து நழுவிக் கீழே விழும். தேடித் தேடிச் சலித்து வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், அவருடைய ரப்பர் விரிப்பின் மேல் அது சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். இத்தனை பெரிய உலகத்தை விட்டுவிட்டு, கடவுளே வந்து தனக்குத் திருகு பொறுக்கித் தருவதாக நம்பி, நன்றி சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார்.

வேலையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்துக்கொள்ளச் சொன்னாள் பிசியோதெரபிஸ்ட். மணிக்குப் பத்து முறை முதுகை நிமிர்த்தி, தாடையை உள்ளே இழுத்து, மெதுவாக இடது பக்கம் திரும்ப வேண்டும். மரமரப்பு கைக்குள் இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

“வேற வழி ஏதாவது இருக்காம்மா?”

“இருக்கு. ஆபரேஷன்.”

மறுநாள் காலை, கசப்பு மருந்து குடிக்கிற முகத்தோடு முதல் முறை திரும்பினார். தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் சந்தித்ததும் சட்டென்று கையிலிருந்த போனுக்குள் குனிந்துகொண்டான்.

இரண்டாவது முறையும் அப்படியே. பத்துக்குப் பத்தும் அப்படியே. வேவு பார்க்கிறான் என்று அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு முறை, தம்பியின் காதோரம் நரைத்திருப்பது கண்ணில் பட்டது. கடைசியாகப் பார்த்தபோது கருகருவென்று இருந்த முடி.

ஒரு வாரத்தில் ஆள்காட்டி விரலுக்குக் கொஞ்சம் உணர்ச்சி வந்தது. கூடவே புத்திசாலித்தனமும் வந்தது. ஒரே அப்பா அம்மா, ஒரே மேசை, ஒரே குனிவு. இவனுக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. இவனை வலது பக்கம் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நோயில்கூட என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறான் என்று முதலில் சிரிப்பாக வந்தது. அப்புறம் அவனுடைய விரல்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

எட்டாம் நாள் மதியம் பொறுக்க முடியவில்லை. ஆறு வருடத்தில் முதல் வார்த்தையாக அதைத்தான் கேட்டார்.

“உனக்கும் டிஸ்க்காடா? விரல் மரத்துப்போகுதா?”

தம்பி கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். தனக்கு ஒன்றும் இல்லை, கழுத்து நன்றாகத்தான் இருக்கிறது என்றான்.

“அப்புறம் எதுக்கு மணிக்குப் பத்து தடவை இந்தப் பக்கம் திரும்புற?”

தம்பி சட்டைப் பையில் துழாவினான். அன்று காலை அண்ணன் கையிலிருந்து விழுந்து காணாமல்போன திருகை எடுத்து, அவருடைய ரப்பர் விரிப்பின் மேல் வைத்தான்.

“பத்து தடவைங்கறது நீ பாத்தது. நான் ஆறு வருஷமா இந்தப் பக்கம்தாண்ணே பாத்துக்கிட்டிருக்கேன்.”