நெற்றிக்குப் பின்னால்

டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்த ஸ்கேன் படத்தில், நெற்றிக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு திட்டு. "முன்மூளையில அடி பட்டிருக்குங்க. கண்ணு முழிச்சிருக்கு, உள்ள நெனவு இருக்கான்னு தெரியலீங்க" என்றுவிட்டுப் போகிறார். மொபெட்டிலிருந்து விழுந்த கந்தப்பன் மின்விசிறியையே பார்த்துக் கிடக்கிறான். காலையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் மனைவி கீதாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஓர் அசைவும் இல்லை. கட்டிலருகே நிற்கும் கொழுந்தன் தனபால் மெல்லப் பேச்சை எடுக்கிறான். "ஏனுங்க நங்கை, நம்ம கூட்டுக் கெணத்துல அண்ணனுக்கு இனி எதுக்குங்க தண்ணி முறை? அவரு நாளையும் என் காட்டுக்கே பாச்சிக்கிறனுங்க." அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே தள்ளப் போன கீதா, அப்படியே நிற்கிறாள். கந்தப்பனின் விரல்கள் போர்வையைக் கசக்கிப் பிடித்திருக்கின்றன. சட்டையை விடாமல் தனபாலைத் தலைமாட்டுக்கு இழுக்கிறாள். "இப்பச் சொன்னத அவரு காதுகிட்டச் சொல்லுங்க தம்பி. சத்தமாச் சொல்லுங்க!"