ஆடும் கட்டில்

முழு மயக்கம்தான் வேண்டும் என்று மாரப்பன் ஒற்றைக்காலில் நின்றார்.

நிற்க முடிந்தது அந்த ஒரு கால்தான். மற்றதில் முழங்கால் மூட்டை நாளைக் காலையில் மாற்றப்போகிறார்கள்.

மயக்க மருந்து டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னாள். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், விழித்தே இருக்கலாம். இல்லையென்றால் முழுக்கத் தூங்கவைத்துவிடலாம். அவர் உடம்புக்கு எதுவானாலும் சரிதான், அவரே முடிவு செய்யட்டும்.

மாரப்பனுக்கு முடிவு செய்ய ஒன்றுமில்லை. இதே ஆபரேஷனைச் செய்துகொண்ட சகலை சொல்லியிருந்தார். ரம்பம் அறுக்கும், சுத்தியல் அடிக்கும், எல்லாம் காதில் விழும். அந்தச் சகலை கொஞ்சம் அளக்கிற ஆள். இருந்தாலும் அதைக் கேட்ட அன்றே முழு மயக்கம்தான் என்று தீர்மானித்துவிட்டார்.

கோபி-ஈரோடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து எத்தனையோ குடிகாரர்களைக் கழுத்தைப் பிடித்து இறக்கிவிட்ட மனுஷன். சுத்தியல் சத்தத்துக்குப் பயம் என்று சொல்ல முடியுமா? அதனால் தூக்கத்தைப் பற்றிப் பெருமை பேசினார்.

படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாராம். விடிந்தால்தான் கண் திறப்பாராம். தன்னை மயக்குவதில் ஒரு சிரமமும் இருக்காதாம்.

டாக்டர் சிரித்தாள். குறட்டை உண்டா என்று கேட்டாள்.

கிடையவே கிடையாது என்றார்.

சுவரோரம் மடியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி ராமாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவருக்குக் குறட்டை கிடையாது. வீட்டில் அது தீர்ந்துபோன வழக்கு. மகள்கள் சொன்னபோது கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தார். சம்பந்தி வீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள் என்று அப்புறம் அங்கே ராத்தங்கவே இல்லை. அதிலிருந்து யார் கேட்டாலும் ராமாத்தாளே முந்திக்கொண்டு இல்லை என்பாள். நாலு பேர் நடுவில் புருஷனை விட்டுக்கொடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

டாக்டர் அவளையும் கேட்டாள்.

இல்லீங்க என்றாள் ராமாத்தாள். வாய் பழகிப்போயிருந்தது.

அப்படியென்றால் முழு மயக்கமே கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினாள். கதவு வரைக்கும் போய்விட்டாள்.

ராமாத்தாள் டாக்டரின் முதுகையே பார்த்தாள். நாளைக்கு இவர் உள்ளே தூங்குவார். பக்கத்தில் அவள் இருக்க மாட்டாள்.

எழுந்தாள். பிளாஸ்க் உருண்டது. எடுக்கவில்லை.

"நில்லு கண்ணு. அவரு தூங்கையில மூச்சு நின்னு போயிருது. நான் கட்டில ஒதச்சா மறுக்கா வந்துருது."

டாக்டர் திரும்பி வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. எப்போதிருந்து என்றாள். சின்னவளுக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து. தினமுமா? தினமும்தான். ராத்திரிக்கு எத்தனை தடவை? அதை யார் எண்ணினார்கள்.

அவர் கட்டிலில் படுப்பார். அவள் கீழே பாயில். குறட்டை கேட்டுக்கொண்டே இருக்கிற வரைக்கும் நிம்மதியாகத் தூங்குவாள். அது நின்றால் கண் தானாகத் திறந்துகொள்ளும். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பாள். வரவில்லையென்றால் கட்டில்காலில் ஓர் உதை. அவர் பெருமூச்சு விட்டுப் புரண்டு படுப்பார். அப்புறம்தான் அவள் கண்ணை மூடுவாள்.

மாரப்பன் வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தார்.

கட்டில் ஆடுகிறது, ஆடுகிறது என்று அவர் புலம்பாத நாள் இல்லை. ஆசாரியை வரவழைத்துக் காட்டினார். கட்டில் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்ன ஆசாரியை, தொழில் தெரியாதவன் என்று திட்டி அனுப்பினார். கடைசியில் தானே குனிந்து கால்களுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தார். அட்டையை எடுத்துக் கொடுத்தவள் ராமாத்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

சொன்னால் பயத்தில் தூங்க மாட்டீர்கள், விடிந்தால் டூட்டிக்குப் போகிறவர் என்று நினைத்தாளாம். டூட்டியெல்லாம் முடிந்த பிறகு? அதற்குள் பழகிவிட்டதாம்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூச்சு இப்படி நிற்கிறவர்களுக்கு முழு மயக்கம் கொஞ்சம் ஆபத்து, தெளிகிற நேரத்தில் அடைத்துக்கொள்ளலாம் என்றாள். கொடுக்கவே முடியாது என்றில்லை, அதற்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் முதுகு ஊசிதான் நல்லது. இப்போதும் அவரே சொல்லட்டும்.

மாரப்பன் டாக்டரைப் பார்க்கவில்லை. ராமாத்தாளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவர் கவனித்ததே இல்லை.

முதுகிலேயே போடச் சொல்லிவிட்டார்.

காலையில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கால்கள் இரண்டும் யாருடையவோ ஆகிவிட்டன. நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணியைத் தொங்கவிட்டார்கள். அதற்கு அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்தது.

சகலை ஒன்றும் அளக்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மேலே விளக்கைப் பார்த்தார். முந்தின ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. போகப் போக அந்தச் சத்தமும் பழகி, இமை தானாகக் கனத்துச் சரிந்தது.

தலைமாட்டில் டாக்டர் குனிந்தாள். களைப்பாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் பக்கத்திலேயேதான் இருக்கிறேன் என்றாள்.

அவர் கண்களை அகல விரித்தார்.

"வேண்டாம் அம்மிணி. அவ வெளியில இருக்கறா."