சொந்தக் காணிப் பேனை

கரம்பொன் தயாபரன் கடைகிற பேனைக்கு வெளிநாட்டில் நல்ல பேர். 'உங்கள் சொந்தக் காணிப் பனையில் கடைந்த பேனை' என்று அவன் பேஸ்புக்கில் ஒரு படம் போட்டால் ரொறன்ரோவில் நாலு பேர் அழுவார்கள். காணியின் பெயரைச் சொன்னால் போதும். தயாபரனே போய் மரம் தறித்து, காயவைத்து, கடைந்து, கையெழுத்துப் போட்ட உறுதிப்பத்திரத்தோடு அனுப்பிவைப்பான்.

மரம் தறிப்பதாவது, மண்ணாங்கட்டியாவது! நாரந்தனையில் இடித்த ஒரு பழைய வீட்டின் பனங் கைமரங்களை மலிவு விலைக்கு வாங்கி வைத்திருந்தான். அந்த ஒரு கூரையே நாற்பது குடும்பங்களுக்குப் பரம்பரைப் பனையாகிவிட்டது.

ஆகவே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை லண்டன் தம்பிஐயா சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டோவில் வந்து இறங்கியதும் அவன் ஓடிப்போய்க் கைமரங்களைச் சாக்கால் மூடினான். மகளின் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க முந்நூறு பேனை கேட்டிருந்த மனிதர். குட்டு வெளிப்பட்டால் முந்நூறும் போய்விடும். அதோடு விடுவாரா? பேஸ்புக்கில் நாலு வரி எழுதினால் தயாபரன் தன் கடைசல் லேத்தை இரும்புக் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

"மாதிரிப் பேனை முடிஞ்சுதோ, தம்பி?"

"இப்பதான் லேத்தில ஏத்தினனான், ஐயா. இருங்கோ, கதிரை எடுத்துப் போடுறன்."

"வேண்டாம், வேண்டாம். நிண்டு பாக்கிறன். என்ர காணிப் பனையெல்லே!"

தயாபரன் சுழலும் கட்டையை உளியால் கடைந்து உருட்டி, அதில் நூற்றைம்பதாம் நம்பர் சான்ட் பேப்பரைப் பிடித்தான். பிறகு லேத்தை நிறுத்தி, நாரோட்டத்தின் வழியே நீளவாக்கில் தேய்த்தான். இல்லாவிட்டால் குறுக்குக் கீறல்கள் பொலிஷுக்கு அடியிலிருந்து பல்லைக் காட்டும். தூளைத் துணியால் துடைத்துவிட்டு இருநூற்றிநாற்பதாம் நம்பரை எடுத்தான். தொழிலில் ஆள் சுத்தம். வாய்தான் அசுத்தம்.

மறுபடி துடைத்தபோது கட்டையின் நடுவில் ஒரு கறுத்த ஓட்டை தெரிந்தது. கைமரமாகக் கிடந்தபோது கூரைச் சிலாகைக்கு அடித்த ஆணி ஓட்டை. ஐயோ!

"உதென்ன ஓட்டை?" தம்பிஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"அது... ஆணி, ஐயா. கம்பி வேலி அடைக்கேக்க மரத்தில அடிச்சிருக்கினம்."

சொல்லிவிட்டுத் தயாபரன் ஓரக்கண்ணால் பார்த்தான். தம்பிஐயாவின் முகமோ மலர்ந்துவிட்டது.

"ஓம், ஓம்! நான் காசனுப்பி அடைப்பிச்ச வேலியெல்லே! மறந்தே போனன் பாரும்."

அடடா, இப்படியும் ஓர் அப்பாவியா! தயாபரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மரத்தூளை ஓட்டையில் அடைத்து, மேலே சுப்பர் குளூ விட்டு இறுக்கினான். முந்நூற்றிருபது, நானூறு, அறுநூறு என்று வரிசையாகத் தேய்த்தான். பிறகு மெல்லிய பூச்சாகச் சுப்பர் குளூவை எட்டுத் தரம் பூசி, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு மிக நுண்ணிய தாளால் நீவி, கடைசியில் மெழுகு தேய்த்தான். பனையின் கறுப்பு வைரம் கண்ணாடியாக மினுங்கியது.

தம்பிஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பச்சை மரமெண்டால் இப்பிடி மினுங்காது. வெடிச்சும் போம். நான் உமக்குச் சொல்லி ரண்டு மாசந்தானே?"

தயாபரன் துணியை எடுத்து லேத்தைத் துடைக்கத் தொடங்கினான்.

"பொறும், பொறும்," என்றார் அவரே. "பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி வந்து நிண்டநேரம் ஆரோ ஒரு பெடியனிட்ட என்ர காணியில ரண்டு பனை தறிக்கச் சொன்னனான். அது நீரோ?"

"நானேதான், ஐயா! அதைத்தான் இவ்வளவு காலமும் காயவிட்டு வைச்சிருக்கிறன்!"

"பாத்தீரே! எனக்கு ஞாபகசக்தி இன்னும் கிடக்கு. உதெல்லாத்தையும் பத்திரத்தில எழுதும். வேலி, பன்னிரண்டு வருசம், நான் சொல்லித் தறிச்சது, ஒண்டும் விடாதையும். உம்மட அடையாள அட்டை நம்பரையும் போடும். எங்கட பிள்ளையள் லண்டனில பிறந்ததுகள், லேசில ஒண்டையும் நம்பாதுகள்."

வழக்கமாகப் பத்திரம் எழுதுவது அவன் மனைவி சத்தியபாமா. அவள் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவள் வரும்வரை இந்த மனிதரை வைத்துச் சமாளிக்க ஏலாது என்று தயாபரனே எழுதினான். இறுப்பிட்டி, பனிச்சையடி வளவு என்று காணியின் பேரைத் தம்பிஐயா சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தான்.

தம்பிஐயா பேனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்தார். ஓட்டோ ஒழுங்கை திரும்பும்வரை கும்பிட்டுக்கொண்டு நின்ற தயாபரன், பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

மூன்று கிழமையாகியும் முந்நூறு பேனைக்கு ஒரு பதிலும் இல்லை. நீதிமன்றத்து ஆள்தான் அழைப்பாணையோடு வந்தான். கைமர விசயம் பிடிபட்டுப் போச்சு என்றுதான் தயாபரன் நினைத்தான். பிரித்து வாசித்தான்.

வழக்காளி தம்பிஐயா. இறுப்பிட்டிப் பனிச்சையடி வளவை வேலியடைத்து, மரம் தறிப்பித்து, பத்து வருடங்களுக்கு மேலாகத் தடையின்றித் தானே ஆண்டு வருவதால் அது தனக்கே சொந்தமென்று தீர்க்க வேண்டுமாம். சான்று, தயாபரன் கைப்பட எழுதிய பத்திரம்.

எதிராளி, கல்யாணம் முடித்த நாளிலிருந்து தயாபரன் ஒருநாளும் எட்டிப் பார்க்காத, பேரைக்கூடக் கேட்டு வைக்காத அந்தக் காணியைச் சீதனமாகக் கொண்டுவந்த அவன் மனைவி சத்தியபாமா.