கேள்வி மட்டும்

காலையிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை.

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். வந்தவர்களுக்குத் தலையாட்டினாள். கழிவறை எங்கே என்று கேட்டவருக்குக் கையைக் காட்டினாள். தொண்டைக்கட்டு என்று சைகையிலேயே சொல்லி வைத்தாள்.

தொண்டைக்கு ஒன்றுமில்லை. பயம்.

மேடையில் டாக்டர் அருமைநாயகத்துக்கு மூன்றாவது பொன்னாடையைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். மனநல மருத்துவர் சங்கத்தின் இந்த வருடச் சிறந்த ஆய்வு விருது அவருக்கு. அந்த ஆய்வில் போன் பேசிய உதவியாளர் அவள்.

பின்வரிசைகளில் ஆய்வில் கலந்துகொண்டவர்கள். மனச்சோர்வில் கட்டிலை விட்டு எழாமல் கிடந்தவர்கள், இன்று பஸ் பிடித்துப் பாளையங்கோட்டை வரை வந்திருந்தார்கள். பெயர் வெளியே தெரியக் கூடாது என்று அவரவர் சட்டையில் ஆய்வு எண்ணை மட்டும் குத்திக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருந்தார்.

பதினேழு. நாற்பத்தொன்று. எண்பத்தெட்டு.

முகங்கள் அவளுக்குப் புதிது. குரல்கள் அத்தனையும் தெரியும். அவள் குரல் அவர்களுக்கும் தெரியும். வம்பே அதுதான்.

பாதிப் பேருக்குப் புது மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. செவ்வாய்தோறும் அவள் போன் செய்து ஒன்பது கேள்விகள் கேட்க வேண்டும். முதல் கேள்வி, தூக்கம் வருகிறதா. ஒன்பதாவது, அழுகை வருகிறதா. முன்னே ஒரு சொல் கூடாது, பின்னே ஒரு சொல் கூடாது. ஆறுதலாக ஒன்று சேர்ந்தாலும் ஆய்வு கெட்டுவிடும். போனுக்கு மேலே டாக்டர் தன் கையால் எழுதி ஒட்டியிருந்தார்: கேள்வி மட்டும்.

அவளும் கேள்வி மட்டும்தான் கேட்டாள். பத்துக் கேள்வி.

"சாப்ட்டியளா?"

அதை அவள் ஒரு கேள்வியாக எண்ணவே இல்லை. யாரிடம் பேசினாலும் முதலில் அதுதான் வரும். சுவரில் இருந்த தாள் அவளுக்கு உறைக்க ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. பதினேழு, காலையில் என்ன குழம்பு என்பதிலிருந்து ஆரம்பிப்பார். எண்பத்தெட்டு, சாப்பிட்டாச்சு என்று இரண்டு வாரம் பொய் சொன்னார். மூன்றாவது வாரம் பொய் சொல்ல மனம் வராமல் இரண்டு தோசை தின்றுவிட்டுப் போனுக்குக் காத்திருந்தார்.

ஒரு செவ்வாய் நிறுத்தியும் பார்த்தாள்.

"எம்மேல கோவமா தாயி?" என்றார் பதினேழு.

மறுவாரமே தொடங்கிவிட்டாள்.

முடிவு வந்தது. புது மாத்திரை தின்றவர்கள் தேறியிருந்தார்கள். மாவு தின்றவர்களும் அதே அளவு தேறியிருந்தார்கள். மாத்திரைக் கம்பெனிக்காரர் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆயிற்று. டாக்டர் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் அப்படியே அச்சில் போட்டார். அந்த நேர்மைக்குத்தான் விருது.

"மாவு மாத்திரையில இத்தனை பேர் தேறினதா நான் எங்கேயும் படிச்சதில்ல" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். "காரணம் தெரியல. ஆறு மாசமா எனக்குத் தூக்கமில்ல."

குட்டு வெளிப்பட்டால் விருது போகும். அவர் பேர் போகும். தன் வேலை போவது அப்புறம். மனிதர் நல்லவர், அதுதான் கொடுமை.

நன்றியுரைக்காரர் வரவில்லை. சாப்பிட அழைக்காமல் எந்த விழாவும் முடிந்ததாகாது. டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மைக்கை அவள் கையில் திணித்தார்.

"தொண்டை கட்டினா என்ன, ஒரு வார்த்தைதானே. கூப்பிடும்மா."

அவள் குரலை மூக்குக்கு மாற்றினாள். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இழுத்தாள்.

"வருகை தந்த அனைவரும் உணவருந்திச் செல்லுமாறு..."

முன்வரிசை எழுந்தது. பின்வரிசை எழவில்லை. அத்தனை தலையும் மைக்கைப் பார்த்தது.

நாற்பத்தொன்று மெல்ல எழுந்தார். ஒல்லியான மனிதர், மடிப்புக் கலையாத சட்டை.

"யம்மா, செவ்வாக்கிழமைப் பிள்ளையா நீ?"

அவ்வளவுதான். அவள் இன்னும் கேட்கவே இல்லை. பதில்கள் மட்டும் வந்தன.

"மூணு இட்லி!"

"பழைய சோறும் நார்த்தங்காயும்!"

"நான் இன்னும் இல்ல தாயி!"

டாக்டர் திரும்பினார்.

"என்னம்மா சொல்றாங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. "சாப்ட்டியளான்னு கேப்பேன் சார்."

"யார்ட்ட?"

"எல்லார்ட்டயும்."

"எத்தனை வாரம்?"

அவள் விரலை மடக்க ஆரம்பித்து, விட்டுவிட்டாள்.

டாக்டர் கேடயத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நேர்மைக்கு விருது வாங்கிய மனிதர் வேறு என்னதான் செய்வார். மைக்கை வாங்கினார்.

"ஒரு நிமிஷம், யாரும் போகாதீங்க. ஆய்வுல ஒரு திருத்தம்..."

"சாப்ட்டுட்டு வந்து கேக்கோம் சார்!" என்றார் எண்பத்தெட்டு.

மண்டபம் பந்திக்கு நகர்ந்தது. சங்கத் தலைவர் முதல் ஆளாகப் போனார்.

டாக்டர் அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். தன்னை வேலையை விட்டு நீக்கத்தான் என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

அடுத்த ஆய்வு. கேள்வி பூஜ்யம்.

அதோடு பேனா நின்றிருந்தது.

"எப்படிக் கேப்ப? அப்படியே சொல்லு. ஒரு எழுத்து மாறக் கூடாது."

அவள் வாயெடுத்தாள். அதற்குள் வேறொருவர் முந்திக்கொண்டார். நாற்பத்தொன்று பந்தியில் பக்கத்து நாற்காலியில் தன் துண்டைப் போட்டு வைத்துவிட்டு, அவளைத் தேடிக்கொண்டு வந்திருந்தார்.

"நீ சாப்ட்டியாம்மா?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒரு வருடம் முழுக்க எல்லோரையும் கேட்டிருக்கிறாள். அவளை யாரும் கேட்டதில்லை.

ஒன்பதாவது கேள்வி நினைவுக்கு வந்தது. அழுகை வருகிறதா.

பதில், ஆம்.